பனி விளிம்பில் செங்கோடன்

செங்கோடன் பனிக்குள்ளிருந்து வெளியே வந்த கோடையில் பாவாயிக்கு முப்பத்தேழு வயது நடந்துகொண்டிருந்தது. அவனோ போன அன்றைக்கு இருந்த இருபத்தொன்பதிலேயே நின்றிருந்தான்.

சேதி முதலில் வந்தது திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி முதலாளியின் ஆபீசுக்கு. எந்த ராஜ்யத்துக்குப் போய்த் துளை போட்டாலும் அந்த வண்டிகளின் இரண்டு பக்கமும் ஊர்ப் பேரும் போன் நம்பரும் பெரிய எழுத்தில் பெயின்டில் எழுதியிருக்கும், வருஷக்கணக்காக அந்த எழுத்துக்குக் கீழேயே சாப்பிட்டு அதன் நிழலிலேயே படுத்து எழுந்த செங்கோடனுக்கு அந்த நம்பர் பனிக்குள்ளும் மறக்கவில்லை. "உங்க ஆள் ஒருத்தர் எங்க மலைல பனி ஓரத்துல நிக்கிறார், நல்லா இருக்கிறார், ஆனா கூட்டிட்டுப் போக முடியாது, வந்து பாத்துட்டுப் போங்க" என்று யாரோ இந்தியில் சொன்னதை ஆபீசில் இருந்த டிரைவர் ஒருவர் கேட்டுத் தமிழில் சொல்ல, முதலாளி, "பாவாயிப் புள்ளைக்கு ஆள் அனுப்பிச் சொல்லிப்போடுங்க" என்றார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வடக்கே மலையில் ரோடு போடுகிறவர்களின் கேம்ப்புக்குத் தண்ணீர் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பனி சரிந்து, முன்னால் போன கம்ப்ரஸர் வண்டி தப்பித்துக்கொள்ள, பின்னால் வந்த, துளை போடுகிற ரிக் வண்டி செங்கோடனோடு உள்ளே போய்விட்டது. பாவாயி அப்போது நாலு மாசம். ஆள் கிடைக்காமலே கருமாதி நடந்தது, தாலி இறங்கியது, வெள்ளைச் சேலை ஏறியது, செங்கோடனைப் பெற்றவள் அந்த வருஷமே படுத்து அந்த வருஷமே போய்ச் சேர்ந்தாள், ஆவணியில் சுகந்தி பிறந்தாள். அப்பன் முகம் காணாத பிள்ளை என்று ஊரே அதைத் தூக்கிக் கொஞ்சி, பிறகு ஊரே அதை மறந்து, பிள்ளையும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து எல்லாம் ஒரு நிலைக்கு வந்திருந்த நேரத்தில்தான் அந்தப் போன்.

செங்கோடன் பனியில் நிற்கிறான் என்பதை நம்புவதில் ஊரில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை, அவன் பொய் சொல்கிற ஆள் கிடையாது. சிக்கல் பாவாயியின் சேலையில்தான் வந்தது. பெரியவர்கள் மாரியம்மன் கோயில் முன்னால் கூடி ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். புருஷன் பேசுகிறான் என்றால் அவள் வெள்ளை கட்டுவது அவனுக்குச் செய்கிற கெடுதல் என்றார் ஒருவர். வீட்டுக்கு வர முடியாதவனை எப்படி இருக்கிறவன் என்று எடுத்துக்கொள்வது என்றார் இன்னொருவர். கடைசியில் பங்காளிகளில் மூத்தவர் எழுந்து, மலைக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் கலர்ச் சேலையும் பூவும் பொட்டும், மற்ற நாளெல்லாம் வெள்ளை என்று முடித்துவைத்தார். யாருக்கும் மனசு நோகாத முடிவு என்று எல்லோரும் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தார்கள், பாவாயியை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஈரோடு ஸ்டேஷனில் ரயில் கிளம்பிய பிறகு கக்கூசுக்குள் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு, ஆடுகிற கண்ணாடியில் பொட்டு வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வயது சுகந்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யாரோ புதுப் பொம்பளை என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தது பிள்ளை.

டில்லி போய், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, புல் முளைக்காத பழுப்பு மலைகளுக்கு நடுவே நாளெல்லாம் குலுங்கி, சும்தாங் என்கிற அந்தக் கடைசி ஊரில் இறங்கினார்கள். மண்ணால் கட்டிய தட்டைக் கூரை வீடுகள், கூரைமேல் அடுக்கிய விறகும் காய்ந்த புல்லும், பட்டாணி வயல், பார்லி வயல், சாம்பலைக் கரைத்துவிட்டதுபோல ஓடுகிற ஆறு, அந்த ஆறு வருகிற திசையில் கல்லும் மண்ணுமாக ஏறிக்கொண்டே போகிற சரிவின் உச்சியில் அழுக்குப் பிடித்த ஒரு பெரிய நாக்கு மாதிரி பனி. யாங்சென் என்கிற பெண்மணியின் வீட்டில் தங்கினார்கள். பாவாயி வயதுதான் இருக்கும் அவளுக்கு, வந்தவர்களுக்கு முதலில் சுடுதண்ணீர் கொடுத்தாள், பிறகு ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கையால் காட்டிச் சொன்னாள்: தொடலாம், பேசலாம், சாப்பிடக் கொடுக்கலாம், இழுக்கக் கூடாது.

பனியின் ஓரத்தில் செங்கோடன் கட்டம் போட்ட அதே லுங்கியும் கம்பெனி சட்டையுமாக நின்றிருந்தான். பாவாயி கிட்டே போய் நின்றதும் மேலும் கீழும் பார்த்தான்.

"ஏம்புள்ள, இவ்வளவு எளச்சுப் போயிட்டே?"

"பன்னெண்டு வருசமாச்சுங்க."

"அப்படியா சொல்றே. எனக்கு நேத்துப் படுத்து எந்திரிச்ச மாதிரி இருக்குது. வண்டிய எடுத்துப்போட்டாங்களா?"

"இன்னும் உள்ளதான் கெடக்குதாமுங்க."

"மொதலாளி வைவாரு" என்றான் செங்கோடன் கவலையாக.

அவன் கண் சுகந்தியிடம் போனது. யார் என்று பாவாயி சொல்வதற்குள்ளேயே அவன் முகம் மாறிவிட்டது, இரண்டு கையையும் நீட்டினான், பிள்ளை ஓடியது. ஓடின பிள்ளையை யாங்சென் இடுப்போடு சேர்த்துப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆசையில் அவனைக் கல்லின்மேல் இழுத்துவிடும் என்று அவளுக்குப் பயம். இழுபட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்த ஊருக்குத் தெரியும், மகனை இழுத்த ஒரு தாயின் கையில் கடைசியில் நனைந்த சட்டைக் கை ஒன்றுதான் மிஞ்சியது. பிள்ளை திமிறியது, கடித்தது, அழுதது, அப்பனைத் தொட விடாமல் யாரோ ஒரு வேற்று ஊர்ப் பொம்பளை தன்னைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவதையும் அம்மா அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பதையும் பார்த்தது. அதற்குப் பிறகு சுகந்தி மலைக்கு வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

சும்தாங்காரர்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. பனி பின்னால் போக ஆரம்பித்த காலத்திலிருந்து அது எடுத்துவைத்துக்கொண்ட ஆட்களை ஒவ்வொருவராக விளிம்பில் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தது. ஆட்டு மந்தையோடு ஒரு மேய்ப்பன் வந்தான், கல்யாணத்துக்குக் குதிரைமேல் போய்க்கொண்டிருந்த பெண் வெள்ளிக் காதணியோடு வந்தாள், உப்பு மூட்டை வியாபாரி ஒருவர் எந்தக் காலத்து ஆள் என்றே தெரியாமல் யாருக்கும் புரியாத பாஷையில் பேசிக்கொண்டு வந்தார். பனி பின்னால் போகப் போக அவர்களும், நிழலைத் தேடிக் கட்டிலை நகர்த்துகிறவர்கள் மாதிரி, அடிக்கு அடி பின்னால் நகர்ந்தார்கள். குளிர்காலத்தில் புதுப்பனி மூடித் தூங்கினார்கள், கோடையில் தோளை உதறிக்கொண்டு எழுந்தார்கள். ஊர் தன் வேலைகளை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது: பார்லி விதைத்து முடித்ததும் மேலே போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவது வழக்கமாகியது, பள்ளிக்கூடத்தில் அதற்கு லீவு விட்டார்கள், தாசில்தார் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, வணக்கம் சொல்கிறவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் கொடுக்க வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உப்பு வியாபாரிக்கு மட்டும் சொந்தக்காரர் என்று யாரும் இல்லாததால் வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்து அவருக்கு உறவாக இருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டுப் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டன.

பாவாயி வருஷம் தவறாமல் போனாள். அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட கச்சாயத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு போவாள், செங்கோடன் நின்றுகொண்டே தின்பான், ஊரில் மழை உண்டா என்று கேட்பான், எந்தக் கிணறு வற்றியது, யார் வீட்டுப் போரில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேட்பான், ஆயிரம் அடி தாண்டியும் புழுதிதான் வருகிறது என்று அவள் சொன்னால் நம்ப மாட்டான். சுகந்தியின் கல்யாணப் பத்திரிகையில் அவன் பேருக்கு முன்னால் 'திரு' போடுவதா 'தெய்வத்திரு' போடுவதா என்று பிரஸ்காரர் கேட்டபோது பாவாயி கச்சாயத்தை நினைத்துக்கொண்டு, 'திரு' என்றாள். பத்திரிகையை மேலே கொண்டுபோய்க் காட்டினாள். அவன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மாப்பிள்ளை குடிப்பானா என்று மட்டும் கேட்டான்.

அந்த வருஷங்களில்தான் பனி வேகமாகப் போக ஆரம்பித்தது. முதலில் யாங்செனுடைய அண்ணன் போனார், அந்த மேய்ப்பன் அவர்தான். ஆடுகள் முதலில் ஒவ்வொன்றாகக் குறைந்தன, அவர் காலடிப் பனி ஒரு கம்பளி விரிப்பு அளவுக்குச் சுருங்கியது, ஒரு மத்தியானம் யாங்சென் வெண்ணெய்த் தேநீர் எடுத்துக்கொண்டு போனபோது அங்கே நனைந்த கல்தான் இருந்தது. பிறகுதான் ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். யாரும் வந்து பார்க்காதவர்கள் கெட்டிப் பனியில் நின்றார்கள். தினமும் ஆள் வந்தவர்களின் கீழேதான் பனி முதலில் மெலிந்தது. முறை வைத்து உறவு கொண்டாடின பிறகு உப்பு வியாபாரியும் சீக்கிரமே போனார். பார்க்க வருகிறவர்களுக்காகப் போட்ட ஜீப் ரோடு, ஜீப்பின் புகை, பனி ஓரத்தில் பற்றவைத்த ஸ்டவ், கையில் கொடுத்த சூடான டம்ளர், பக்கத்தில் நின்று விட்ட மூச்சு, எல்லாம் சேர்ந்துதான் என்று ஊர்த்தலைவர் கூட்டத்தில் சொன்னபோது யாங்சென் எழுந்து வெளியே போய்விட்டாள் என்று பாவாயி பிற்பாடு கேள்விப்பட்டாள். "இருபது வருஷம் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோனேன்" என்று ஒரே ஒரு முறை யாங்சென் அவளிடம் சொன்னாள். பாவாயிக்கு அதற்குள் உடைந்த இந்தி வந்திருந்தது.

பனி மேலிருந்து கரைவது மாதிரி அதில் நிற்கிறவர்களின் ஞாபகமும் மேலிருந்து கரைந்தது, கடைசியாகச் சேர்ந்தது முதலில் போனது, அதற்கு மேல் புதிதாக விழுந்தது மட்டும் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் பாவாயி மூச்சு வாங்க ஏறிப் போய் நின்றபோது செங்கோடன் அவளைப் பார்த்துவிட்டு, "ஆத்தா, நீயா? இவ்வளவு தூரம் எதுக்கு வந்தே?" என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்தாள். அவன் கண்ணைப் பார்த்ததும் விளையாட்டில்லை என்று தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் அவள் வந்து போனதெல்லாம் அவனுக்குள் கரைந்துபோயிருந்தது, நரைத்த தலையும் சுருங்கிய கன்னமுமாக ஒரு பொம்பளை கச்சாய டப்பாவோடு வந்து நின்றால் அவள் வேறு யாராக இருக்க முடியும்?

"உன்னப் பாக்கோணும்னு தோணுச்சு சாமி" என்றாள் பாவாயி.

"என்ன ஆத்தா, பூவெல்லாம் வெச்சிருக்கே? ஐயன் செத்து எத்தன வருசமாச்சு. ஊருல பாத்தா என்ன சொல்லுவாங்க?"

அவள் பூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்கடுத்த வருஷத்திலிருந்து ஈரோட்டில் கட்டுகிற கலர்ச் சேலையை யாங்சென் வீட்டில் அவிழ்த்துவைத்துவிட்டு, வெள்ளை கட்டிக்கொண்டுதான் மேலே போனாள். மேலே செங்கோடன் தன் ஆத்தாளிடம் தன் பொண்டாட்டியைப் பற்றிக் கேட்பான். பாவாயி சாப்பிடுகிறாளா, வாந்தி நின்றதா, மாசமாக இருக்கிறவளைக் கிணற்றில் தண்ணீர் இறைக்க விடாதே. நல்லா இருக்கறா சாமி என்பாள் பாவாயி, நான் பாத்துக்கறேன் என்பாள், இறங்கி வரும்போது பாதிச் சரிவில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொள்வாள். இதை அவள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சேலையைப் பற்றித் திரும்பவும் கோயில் முன்னால் கூடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

இந்த வருஷம் சுகந்தி தானாகவே வருகிறேன் என்றாள். அவளுக்கு முப்பத்தொன்று. ஒரு பெண் குழந்தை பிறந்து நடக்க ஆரம்பித்திருந்தது. அது தன் அப்பனைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடுகிறதைப் பார்த்த ஒரு நாள் அவள் அடுப்படியில் வந்து நின்று, "அம்மா, நானும் வாரேன். என்னயப் பாத்தா அவருக்கு அடையாளம் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாமல் என்ன என்றாள் பாவாயி. உண்மையைச் சொன்னால் வராமல் இருந்துவிடுவாள் என்று பயம். போய் நேரில் நின்றால் ரத்தம் ரத்தத்தைக் கண்டுகொள்ளாதா என்று ஒரு ஆசையும்.

சும்தாங்கில் இறங்கியபோது ஆற்றில் சத்தமே இல்லை. கணுக்கால் நனைகிற அளவுக்குக் கல்லுக்கு நடுவே ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது, பட்டாணி வயல்கள் விதைக்காமல் கிடந்தன, நாலைந்து வீடுகளில் கூரையையே பிரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சரிவின் உச்சியில் வழக்கமாகத் தெரிகிற இடத்தில் பனி இல்லை. இன்னும் மேலே, இரண்டு பாறைகளுக்கு இடையில், யாரோ துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி ஒரு துண்டு வெள்ளை தெரிந்தது.

"அவ்வளவுதான் மிச்சம்" என்றாள் யாங்சென். "ஏழெட்டுப் பேர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம். நிற்கிற ஒருவருக்குப் பார்க்க ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை. சூடாக எதுவும் கொண்டுபோகக் கூடாது, பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும்."

பாவாயி சுகந்தியைப் பார்த்தாள். சுகந்தி வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நீ போ அம்மா. நீதான வருசா வருசம் வந்தே" என்றாள்.

"நான் பாத்ததெல்லாம் போதும் கண்ணு. நீ போ."

"நெசமாவா?"

"முட்டி வலி. என்னால ஏற முடியாது" என்றாள் பாவாயி.

மறுநாள் காலையில் சுகந்தி கச்சாய டப்பாவோடு கிளம்பினாள். பாவாயி யாங்சென் வீட்டு வாசலில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து அவள் ஒரு புள்ளியாகும் வரை பார்த்தாள், புள்ளி மறைந்த பிறகும் பார்த்தாள். வேறு வேலை இல்லாததால் யாங்செனோடு உட்கார்ந்து போன வருஷத்துப் பட்டாணியை உரித்தாள். அடுத்த மாசம் தாங்களும் ஊரைவிட்டுப் போகிறோம், கீழே ஒரு டவுனில் மகன் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறான், இங்கே குடிக்கத் தண்ணீர் இருக்காது என்று யாங்சென் சொன்னாள். போகும்போது என்னென்ன எடுத்துக்கொண்டு போவாய் என்று பாவாயி கேட்டாள். பாத்திரங்கள் என்றாள் யாங்சென்.

வெயில் இறங்குகிற நேரத்தில் சுகந்தி வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றாமலே அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். முகம் கழுவிவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது.

"பாத்தியா கண்ணு?"

"பாத்தேன்."

"உன்னயப் பாத்தாரா?"

சுகந்தி கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "தூரத்துல வரும்போதே சிரிச்சாரும்மா. ‘எப்பப் புள்ள வந்தே, தனியாவா வந்தே'ன்னாரு. நான் பத்தடி தள்ளி நின்னேன். ‘வயிறு எறங்கிருச்சே, பொறந்துருச்சா'ன்னாரு."

பாவாயியின் கையிலிருந்த பட்டாணி கீழே விழுந்தது.

"நான் அப்பான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அவரு அப்படிச் சிரிச்சுட்டு நிக்கிறாரு. என்னவிடச் சின்னப் பையன் மாதிரி இருக்கறாரு. எனக்கு வாய் வரல. பொறந்துருச்சுங்கன்னேன். ‘என்ன கொழந்தை'ன்னாரு. பொம்பளப் புள்ளைங்கன்னேன். ‘பேரு வெச்சாச்சா'ன்னாரு. சுகந்தின்னேன். ‘நல்ல பேரு. யாராட்டம் இருக்கறா'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"உங்களாட்டமேதானுங்கன்னு சொன்னேன். அதுக்கு அவருக்கு அப்படி ஒரு வெக்கம். ‘அவள ஏன் கூட்டிட்டு வல்ல'ன்னாரு. தூங்கறாளுங்க, குளுருல வேண்டாம்னு உட்டுட்டு வந்தேன்னேன். ‘செரி, செரி, நல்லா தூங்கட்டும்'னாரு. கச்சாயத்தத் தூக்கிப் போட்டேன், புடிச்சுத் தின்னாரு. அப்பறம், ஆத்தா வருசா வருசம் வந்துட்டுப் போவுது, பாவம், அதுக்கு முட்டி வலி, இனிமே வர வேண்டாம்னு சொல்லிப்போடு புள்ளன்னாரு. அப்பத்தா செத்து முப்பது வருசமாச்சே, யாரும்மா அது வருசா வருசம் வந்தது?"

பாவாயி கீழே விழுந்த பட்டாணியைப் பொறுக்கினாள். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்த பிறகுதான் சுகந்திக்குப் புரிந்தது. அவள் அம்மாவின் வெள்ளைச் சேலை கொடியில் தனியாகத் தொங்குவதைப் பார்த்தாள், அம்மா கட்டியிருந்த பச்சைச் சேலையைப் பார்த்தாள். பன்னிரண்டு வயதில் அழுததற்குப் பிறகு இத்தனை வருஷமும் அழாத அழுகையை அந்த வாசலில் உட்கார்ந்து அழுதாள். பாவாயி அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள், அவளுக்கு மட்டும் கண்ணில் எதுவும் வரவில்லை.

காலையில் ஊர்த்தலைவர் வந்தார். கட்டுப்பாட்டை எடுத்துவிட்டோம் என்றார். இன்றைக்கு வெயில் இப்படி அடித்தால் சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும், இனிப் போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான், வேண்டியவர்கள் போய்ப் பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள், வேண்டுமானால் சூடாகவும் ஏதாவது கொண்டுபோங்கள் என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதையே சொல்லிக்கொண்டு போனார். யாங்சென் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போட்டாள், அங்கே கொடுக்க அவளுக்கு ஆள் இல்லாவிட்டாலும் போட்டாள். யாராவது நிற்பவர்களுக்கு ஆகும் என்றாள்.

"நீ பச்சையக் கட்டிட்டே போம்மா" என்றாள் சுகந்தி. "நீ யாருன்னு சொல்லு. இத்தன வருசம் வந்தது நீதான்னு சொல்லு. அவருக்குத் தெரியோணும்."

"நீயும் வா."

"பாதி வரைக்கும் வாரேன். நான் மறுபடியும் போய் அங்க நின்னா அவரு உன்னயப் பாக்க மாட்டாரு."

பாவாயி பச்சைச் சேலையிலேயே கிளம்பினாள். வழியில் பூ கிடையாது, பொட்டை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டாள். கற்கள் உருளுகிற சரிவில் சுகந்தி அவளை முக்கால்வாசி தூக்கிக்கொண்டுதான் ஏறினாள், பாதிச் சரிவுப் பாறை வந்ததும் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். மிச்சத்தைப் பாவாயி கையை ஊன்றி ஊன்றி ஏறினாள். ஏறுகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: நாந்தானுங்க பாவாயி, நேத்து வந்தவ உங்க மக, அவளுக்கும் ஒரு மக இருக்கறா, நடக்கறா, உங்களாட்டமே கைய நீட்டிட்டு ஓடறா.

மேலே ஏழெட்டுப் பேர் நின்ற இடத்தில் மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். குதிரை இல்லாமல் போயிருந்த கல்யாணப் பெண் தன் காலடியில் சுருங்குகிற பனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவளைச் சுற்றி நின்ற சும்தாங் பெண்கள் மெல்லிய குரலில் கல்யாணப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள், வேறு என்ன பாடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. செங்கோடன் நின்ற பனி ஒரு கயிற்றுக் கட்டில் அளவு இருந்தது. ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி மெலிந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் இத்தனை வருஷத்தில் பார்க்காத ஒரு களை.

"ஏனுங்க" என்றாள் பாவாயி.

ஆத்தா மகனை அப்படிக் கூப்பிட மாட்டாள். அவன் திரும்பி, புருவத்தைச் சுருக்கி, அவள் பொட்டையும் பச்சைச் சேலையையும் பார்த்தான். ஒரு நிமிஷம் அவன் கண்ணுக்குள் ஏதோ அடியிலிருந்து மேலே வரப் பார்த்தது. அவள் அடுத்த வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆத்தா" என்றான் செங்கோடன். "பாவாயி வந்துட்டுப் போனா ஆத்தா. பொம்பளப் புள்ளையாம். சுகந்தின்னு பேராம்."

"ஆமாஞ் சாமி."

"நீ எங்கிட்டச் சொல்லவே இல்ல பாரு. என்னாட்டம் இருக்குதாம்."

"உன்னாட்டமேதான் சாமி. அதே மூக்கு."

"பாவாயி கொஞ்சம் குண்டாயிட்டா. நல்லா இருக்குது அவளுக்கு." அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலோடு ஒட்டி வைத்துக்கொண்டான், அந்தக் கால் இருந்த இடத்தில் கல் தெரிந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. பாவாயி கவனித்தாள். பின்னாலேயே ஏறி வந்திருந்த யாங்சென் பக்கத்தில் வந்து தேநீர் டம்ளரை அவள் கையில் கொடுத்தாள். அவள் அதை அவனிடம் நீட்ட, அவன் இரண்டு கையாலும் வாங்கி, வெகு காலத்துக்குப் பிறகு சூடாக ஒன்றைக் குடிக்கிறவனின் கவனத்தோடு, ஊதி ஊதிக் குடித்தான். அவன் விரல்கள் அவள் விரல்மேல் பட்டன. அவ்வளவு குளிர்ச்சியிலும் அது அவன் விரல்தான், ரிக் கம்பியில் நசுங்கி நகம் கோணலாக வளர்ந்த அதே ஆள்காட்டி விரல். இழுத்துவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. விரலை விட்டாள்.

"ஆத்தா" என்றான் அவன், டம்ளரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "இப்பத்தான் கெளம்பிப் போனா. கல்லெல்லாம் உருளுது, பச்ச ஒடம்புக்காரி. பத்தரமா எறங்கிட்டாளான்னு கொஞ்சம் பாரு."

பாவாயி திரும்பிக் கீழே பார்த்தாள். பாதிச் சரிவுப் பாறைமேல் சுகந்தி உட்கார்ந்திருந்தாள். அம்மா திரும்பிப் பார்ப்பதைக் கண்டதும் அவள் எழுந்து நின்று கையைத் தூக்கினாள்.

"எறங்கிட்டா சாமி" என்று சொல்லிக்கொண்டே பாவாயி திரும்பினாள்.

கற்கள் நனைந்திருந்தன.